முடிச்சுப் போடாத ஜெபம்

இரணியல் சந்தையிலிருந்து மேற்கே போகிற செம்மண் பாதையில் மிஷன் கோவிலைச் சுற்றிக் கொஞ்சம் வீடுகள். சபைக்குப் பெயர் மாறி நாலைந்து வருஷம் ஆகியும் ஜனங்கள் வாயில் அது இன்னும் மிஷன் கோவில்தான். வாய் ஒன்றைப் பழகிவிட்டால் லேசில் விடாது. அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன கறி என்பதை மூக்கால் அறியலாம், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதைக் காதால் அறியலாம். அந்தி மணி அடித்தால் எல்லா வீட்டிலும் விளக்கு ஏற்றி, பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், பிறகு முழங்காலில் நின்று ஜெபம். மனசுக்குள்ளே முணுமுணுக்கிற ஏற்பாடெல்லாம் அங்கே கிடையாது. ஆண்டவருக்கு எல்லாம் கேட்கும்தான். இருந்தாலும் வாய்விட்டுச் சொன்னால்தானே சொன்ன மாதிரி இருக்கும்!

ஒருநாள் ஒரு வீட்டில் சத்தம் வராவிட்டால் மறுநாள் கிணற்றடியில் விசாரணை நடக்கும். "என்னட்டி, நேத்து ஒங்க வீட்டிலே ஜெபச் சத்தம் கேக்கல்லியே? சொகமில்லியா, இல்லே விசுவாசத்திலே பின்மாற்றமா?"

அதனால்தான் தையற்காரன் ஏசுவடியானும் அவன் பெண்டாட்டி ஞானபாயும் சித்திரை மாசத்திலிருந்து ஒருவர் முகம் பார்த்து ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தபோதும் குடும்ப ஜெபத்தை மட்டும் விடவில்லை. விட்டால் மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற விக்டோரியாவுக்கு யார் பதில் சொல்வது?

பேசாமல் இருக்கலாம், உப்பில்லாமல் இருக்க முடியுமா? ஒருநாள் ஞானபாய் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபித்தாள். "சர்வ வல்லமையுள்ள தேவனே, வனாந்தரத்திலே ஜனங்களைப் போஷித்தவரே, இந்த வீட்டிலே உப்பு தீர்ந்துபோயிற்று என்பதை நீர் அறிந்திருக்கிறீர்."

மறுநாள் ஏசுவடியான் உப்பு வாங்கிவந்தான். அன்று அந்தியில் தன் முறை வந்தபோது ஜெபித்தான். "பரம பிதாவே, அடுக்களைப் பரணிலே, மஞ்சப்பொடி டப்பாவுக்குப் பக்கத்திலே நீர் வைத்தருளிய உப்புக்காக ஸ்தோத்திரம்."

இப்படியே ஆகிவிட்டது. கூரை ஒழுகுவது, கோழி அடைகாப்பது, பால்காரன் தண்ணீர் கலப்பது எல்லாம் ஆண்டவர் வழியாகவே போய் வந்தன. சர்வலோகத்தையும் படைத்தவரை இப்படித் தபால்காரர் ஆக்கிவிட்டோமே என்று ஏசுவடியானுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு வேறு தபாலாபீஸ் இல்லை. அவர் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கிற ஆளும் இல்லை. பிரித்துப் பார்க்கிறவள் மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

"அண்ணே, மரச்சீனி வேணும்ணு மயினி நேத்து ஜெபிச்சாவளே, எங்க வெளையிலே கெழங்கு பிடுங்கியாச்சு. ரெண்டு மூடு தரட்டா?" என்று விக்டோரியா காலையில் மதிலுக்கு மேலே தலையை நீட்டுவாள்.

"குடு. வேதத்திலே தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுபோன மாதிரி ஆண்டவர் காக்காயை அனுப்புவாருண்ணு பாத்தேன். ஒன்னே அனுப்பியிருக்காரு," என்பான்.

விக்டோரியா சிரித்துக்கொண்டே தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். அடுக்களையில் ஞானபாய் சிரிக்கமாட்டாள். ஒருகாலத்தில் அவனுடைய இந்த மாதிரிப் பேச்சுக்கு, "ஐயோ, போதும்!" என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தவள்தான்.

ஏசுவடியானுக்குச் சந்தை முக்கில் ஒரு பலகைக்கடை, ஒரு மெஷின். அளவெடுக்கும்போது ஆளைக் கேலி பண்ணுவான். தன்னையும் விடமாட்டான். காது இரண்டும் முறம்போல விரிந்திருக்கும் அவனுக்கு. "ஆண்டவர் என்னெத் தச்சு முடிச்சப்போ துணி மிச்சம் வந்துட்டு. களைய மனசில்லாம ரெண்டு பக்கமும் வச்சுத் தச்சுட்டாரு," என்பான்.

கேலிக்கு அடுத்தபடியாக அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஜெபம். புது வீடு, பிரசவம், பரீட்சை, படுக்கையில் கிடக்கிற நோயாளி, எதுவானாலும் "ஏசுவடியானெக் கூப்பிடு" என்பார்கள். வாய் திறந்தால் தண்ணீர் மடை திறந்த மாதிரி வரும். அவனுக்கே தெரியும், அதில் பாதி தொழில்தான். துதி, ஸ்தோத்திரம், விண்ணப்பம் என்று துண்டு துண்டாக வெட்டிவைத்ததை ஆளுக்கு ஏற்றமாதிரி ஒட்டித் தைப்பான். கடைசியில், "எல்லாம் உமது சித்தப்படி ஆகட்டும்" என்று ஒரு முடிச்சு. முடிச்சுப் போடாத தையல் பிரிந்துபோகும். சித்தம் சொல்லாத ஜெபமும் அப்படித்தான் என்பது அவன் கணக்கு.

சித்திரையில் அவர்களுடைய ஒரே பிள்ளை கிரேசிக்குக் காய்ச்சல் கண்டது. ஏழு வயசு. வைத்தியர் வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் மருந்தும் ஊசியும் எல்லாம் ஆயிற்று. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அந்தி மணி அடித்தது. பிள்ளை பாயில் கிடந்தாள். பக்கத்தில் முட்டுக்குத்தி நிற்குமுன் ஞானபாய் அவன் கையைப் பிடித்தாள்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேப்பியளா?"

"சொல்லு."

"அந்தச் சித்தம் கித்தமெல்லாம் இன்னைக்கு வேண்டாம். பிள்ளையைத் தரணும். அதை மட்டும் கேளுங்க. குடுக்காம விடமாட்டோம்ணு சொல்லுங்க."

"செரி."

"சத்தியமா?"

"செரிண்ணு சொன்னேனே, பிள்ளே."

கேட்டான். வாழ்நாளில் அன்றைக்குத்தான் அவன் துண்டு ஒட்டாமல் ஜெபித்தான். துதி இல்லை, ஸ்தோத்திரம் இல்லை. தா, தா என்று பிச்சைக்காரன் மாதிரி கேட்டான். தொண்டை கட்டி, மூக்கு ஒழுகி, இனிச் சொல்ல ஒன்றும் இல்லை என்று வந்து நின்றபோது வாய் தன் பழக்கத்துக்கு முடிச்சைப் போட்டுவிட்டது. "எல்லாம் உமது சித்தப்படி ஆகட்டும்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தான். ஞானபாய் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடியுமுன்னே பிள்ளை போய்விட்டாள். சவப்பெட்டிக்குள் உடுத்துகிற வெள்ளைக் கவுனையும் அவனே தைத்தான். தாமதமாகும், வேறே ஆளை விடுவோம் என்று நாலுபேர் சொன்னதைக் கேட்கவில்லை. அதற்கும் கடைசியில் முடிச்சுப் போட்டான். நல்ல முடிச்சு.

அன்று தொட்டு ஞானபாய் அவனோடு பேசவில்லை. அவன் அந்த வார்த்தையை உச்சரிக்கவில்லை. அவனுடைய ஜெபங்கள் நூல் அறுந்த மாதிரி நடுவிலே நின்றுவிடும். கோவிலில் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டான். ஜெபம் பண்ணச் சொல்லி உபதேசியார் கண்ணைக் காட்டினால், "மெஷின் ரிப்பேராக்கும் ஐயா," என்று கையை விரிப்பான்.

அவனுக்குப் பெரிய பாரம் ஒன்று இருந்தது. மனசறிந்து, விசுவாசித்து, ஆண்டவரே உம் கையில் விட்டேன் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதில் ஒரு பக்தியாவது இருக்கும். ஒன்றும் நினைக்காமல் கொட்டாவி விடுகிற மாதிரி பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டான்.

ஞானபாயிடமும் ஒரு மாற்றம் இருந்தது. அவள் ஆமேன் சொல்வதில்லை. அவன் ஜெபத்துக்கும் இல்லை, தன் ஜெபத்துக்கும் இல்லை. கடைசிச் சொல் முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்குத் திரியைத் தூண்ட எழுந்துவிடுவாள். தன்னைக் குத்திக்காட்டத்தான் இப்படிச் செய்கிறாள் என்று ஏசுவடியான் எண்ணிக்கொண்டான். குத்தட்டும். குத்து வாங்கவேண்டிய ஆள்தானே!

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அந்தியில் அவள் ஜெபித்தாள். "ஆண்டவரே, வருகிற சனியாழ்ச்சை எனக்க அண்ணன் மயிலாடியிலிருந்து வருவான். அவனோடே நான் போகிற பிரயாணத்திலே கூட இரும். திரும்பி வருகிற யோசனை இல்லை என்பதையும் நீர் அறிந்திருக்கிறீர்."

உப்பு தீர்ந்துபோயிற்று என்று சொன்ன அதே குரலில் சொன்னாள். முகத்தைத் துடைத்தாள், திரியைத் தூண்டப் போனாள்.

ஏசுவடியான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு இடதுகை தைத்தான். சட்டைக்குச் சொந்தக்காரன் சத்தம் போட்டான். "ஓய், என்னவே இது? எனக்கு ரெண்டு பீச்சாங்கையா?"

"வலது கை செய்யுதது இடது கைக்குத் தெரியப்பிடாதுண்ணு கேட்டதில்லியா? ஒமக்கு அந்தத் தொல்லையே வேண்டாம்ணு பாத்தேன்," என்றான். சொல்லிவிட்டுப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தான். கண் மறைத்தது. ஊசி விரலில் ஏறியது.

புதன்கிழமை அந்தியில் கொஞ்சம் வேடிக்கை பண்ணிப் பார்த்தான். "கர்த்தாவே, கல் கொத்துகிற மயிலாடியிலே எங்கே திரும்பினாலும் கல்லு. இங்ஙன ஒரு கல்லுதான் உண்டு, அது அடியேன். ஊரெல்லாம் கல்லிலே தடுக்கி விழுவதைவிட ஒத்தக் கல்லிலே தடுக்குவது லேசு என்பதை உம்முடைய அடியாளுக்கு உணர்த்தும்." மதிலுக்கு அந்தப்பக்கம் விக்டோரியா களுக்கென்று சிரித்தது கேட்டது. ஞானபாயின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. தன் முறை வந்தபோது பால்காரன் பாக்கியைப் பற்றி மட்டும் ஜெபித்தாள்.

வியாழக்கிழமை அழுது பார்த்தான். அழுகை அவனுக்கே பிடிக்கவில்லை. அதிலும் பாதி தொழிலோ என்று சந்தேகம் வந்தது. நடுவில் நிறுத்திவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் விக்டோரியா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"அண்ணே, மயினி போறாவளாமே?"

"ஒனக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியும்?"

"ஒரு வார்த்தை நேரே சொல்லப்பிடாதா? எல்லாத்துக்கும் ஆண்டவரையா நடுவிலே நிறுத்துயது? அவருக்கும் சோலி இருக்குமில்லா?"

அவனுக்குச் சுருக்கென்றது. கேலி பண்ணாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்கு நடந்தான்.

அன்று அந்தி மணி அடித்தபோது மழை விட்டிருந்தது. பாட்டுப் பாடினார்கள். வேதம் வாசித்தான், எந்தப் பகுதி என்று மனசில் தங்கவில்லை. முழங்காலில் நின்றார்கள்.

"ஆண்டவரே," என்றான். அதற்குமேல் வேதப்பாஷை வரவில்லை. "ஆண்டவரே, நான் அந்த வார்த்தையை நெனைச்சுச் சொல்லல்லே. வாய் சொல்லிப்போட்டு. நெனைக்காம சொன்னதையும் நீரு கணக்கிலே எடுப்பீருண்ணு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாக்கைக் கடிச்சிருப்பேன். ஒமக்க சித்தம் என்னவோ, அதைப்பத்தி இனி நான் பேசமாட்டேன். எனக்க சித்தத்தைச் சொல்லுதேன். இவ போகப்பிடாது. எனக்கு வேற யாரும் இல்லே. பேசாட்டாலும் செரி. இஞ்ச இருந்து பேசாம இருக்கட்டும்."

நூல் அறுந்தது. அவன் குனிந்து காத்திருந்தான்.

ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஞானபாய் ஆரம்பித்தாள். அவளுக்கும் அன்று வேதப்பாஷை வரவில்லை.

"ஆண்டவரே, இவிய மேலே எனக்கு வெறுப்புண்ணு இவிய நெனைக்காவ. வெறுப்பு உண்டு. இல்லேண்ணு சொன்னா ஒமக்க முன்னாலே பொய்யாவும். ஆனா அதுக்காக நான் போகல்லே. அன்னைக்கு இவிய அந்த வார்த்தையைச் சொல்லி நிறுத்தினவுடனே எனக்க வாய் ஆமேன்ணு சொல்லிச்சு. சொல்லாண்டாம்ணு கையைப் பிடிச்சுக் கெஞ்சினதும் நான்தான், ஆமேன்ணு சொன்னதும் நான்தான். பிள்ளைக்க நெஞ்சிலே கையை வச்சுக்கிட்டுச் சொன்னேன். இவியளுக்கு அது கேக்கல்லே. ஒமக்குக் கேட்டுது. கேட்டுத்தானே செய்தீரு?"

ஏசுவடியான் கண்ணைத் திறந்துவிட்டான். அவள் இறுக மூடியிருந்தாள்.

"இந்தப் பாயிலே முட்டுக்குத்தும்போதெல்லாம் அது எனக்க தொண்டையிலே வந்து நிக்குது. வெளியே விட்டா இன்னும் எதையாவது எடுத்துப்போடுவீரோண்ணு பயம். விழுங்கவும் முடியல்லே. வேற வீட்டிலே, வேற பாயிலே நின்னு பாக்குதேன். எதாவது மாற்றம் உண்டா இல்லியாண்ணு தெரியாது. அம்புட்டுத்தான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

முறம்போல இரண்டு காது. பக்கத்தில் நின்றவள் சொன்ன ஒரு சொல் அதில் விழவில்லை. இத்தனை மாசமும் அவள் கண்ணில் தன் குற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே வேறொன்று நின்றிருக்கிறது. அதைக் கேட்க அவனுக்குத் தோன்றவேயில்லை.

"ஞானம்," என்று கூப்பிட்டான். ஆறேழு மாசத்துக்குப் பிறகு நேருக்கு நேராகக் கூப்பிட்டது. மேலே என்ன சொல்வது? நீ சொன்னது தப்பில்லை என்றால் தான் சொன்னதும் தப்பில்லை என்று ஆகும். தான் சொன்னது தப்பு என்றால் அவள் சொன்னதும் தப்பு என்று ஆகும். தன்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம் என்று இருந்தான், அந்தச் சுகமும் போயிற்று. ஏசினால் பாதி அவள்மேல் விழும்.

அவள் திரியைத் தூண்டினாள். திரும்பவில்லை. அவளுடைய முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அவள் அண்ணன் அருமைநாயகம் வந்தான். மயிலாடியில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்துகிறவன். புருவத்தில் எப்போதும் கல்தூசி இருக்கும். கிரேசியின் கல்லறைக்குச் சிலுவை கொத்திக் கொடுத்ததும் அவன்தான். என்ன வசனம் வெட்டவேண்டும் என்று கேட்டு, இரண்டு பேரும் வாய் திறக்காததால் பெயரை மட்டும் வெட்டியிருந்தான்.

"மச்சான், எனக்கு இதிலே ஒரு சந்தோசமும் இல்லே," என்றான். "கல்லுகூடத் தட்டினா சத்தம் குடுக்கும். நீங்க ரெண்டுபேரும் என்ன ஜாதிக் கல்லோ!"

"தங்கச்சிக்கு நல்ல மயிலாடிக் கல்லாப் பாத்துக் கெட்டி வச்சுட்டு, இந்தக் கல்லைத் தூர எறிஞ்சிருக்கலாம்," என்று சொல்லிப் பார்த்தான் ஏசுவடியான். அருமைநாயகம் சிரிக்க முயன்றான். முடியவில்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தான். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

ஞானபாய் வாசற்படி இறங்கினாள். நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கஞ்சி அடுப்பிலே இருக்கு," என்றாள். "உப்பு போடல்லே."

நேரே அவனிடம் சொன்னாள். நடுவில் யாரும் இல்லை. ஊருக்கே ஜெபிக்க வாய் கொடுத்தவன் அதற்கு "ம்" என்றான். அவ்வளவுதான் வந்தது. செம்மண் பாதையில் அவள் குடை வளைவு திரும்பும்வரை நின்றான். போகாதே என்கிற வார்த்தையை ஆண்டவரிடம்தான் சொல்லியிருந்தான், அவளிடம் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

அந்தி மணி அடித்தது.

பழக்கம். கை விளக்கை ஏற்றியது, பாயை விரித்தது. ஒற்றைக் குரலில் பாட்டு பாட்டாக இல்லை, ஒரு அடியோடு நிறுத்திவிட்டான். வேதத்தைத் திறந்து மூடினான். முழங்காலில் நின்றான்.

"பரம பிதாவே."

அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை மாசமும் அவன் ஆண்டவரோடு பேசவே இல்லை. மேல்விலாசத்தில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் முட்டுக்குத்தி நின்றவளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவள் கேட்டாள், அவளிடமிருந்து பதிலும் வந்தது. இன்றைக்குப் பக்கத்தில் அவள் இல்லை. சொல்லுகிறதெல்லாம் நேரே அவருக்குத்தான் போகும். சித்திரையில் அவன் கேட்டதில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு வாக்கியத்தைக் காதில் வாங்கியவர்! அவரிடம் இனி எந்த வார்த்தையை நம்பிக் கொடுப்பது?

"உப்பு இருக்கு," என்றான். "அரிசி இருக்கு. மண்ணெண்ணெய் அடுத்த ஆழ்ச்சைவரை காணும்." கொஞ்சம் நின்றான். "ஆள் இல்லே."

வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டுப் பழகிய வாய்க்குக் கேட்கப் பயம். முடிச்சும் வரவில்லை.

எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இனி அவளுடைய முறை. எப்போதும் அவன் முடித்தால் அவள் ஆரம்பிப்பாள். அந்த நேரத்தை அவளுக்கென்று விட்டுவைத்துக் குனிந்தபடி இருந்தான். அடுத்த வீடுகளிலெல்லாம் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. யாருக்கோ பிரசவம் சுகமாக வேண்டும், யாருக்கோ பட்டாளத்தில் இருக்கிற மகன் கடிதம் போட வேண்டும். எல்லாரும் எதையாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீடாகச் சத்தம் அடங்கியது. அவன் வீட்டில் அவளுடைய முறை இன்னும் முடியவில்லை.

திரியைத் தூண்ட ஆளில்லாமல் விளக்கு மங்கி, இருட்டு வந்து பாயில் உட்கார்ந்தது. மதிலுக்கு அந்தப்பக்கத்திலிருந்து, ஜலதோஷம் பிடித்த மாதிரி அடைத்த குரலில், விக்டோரியா சொன்னாள்:

"ஆமேன்."

ஏசுவடியான் மதிலைப் பார்த்தான். தலை தெரியவில்லை. அவள் இன்று எட்டிப் பார்க்கவில்லை.

அது பதில் இல்லை என்று அவனுக்குத் தெரியும். யாருக்காகச் சொன்னாள், எதற்காகச் சொன்னாள் என்று கேட்கவும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்து அடுக்களைக்குப் போனான். கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. உப்பு பரணில் இருந்தது, மஞ்சள்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில். எடுக்கக் கையை நீட்டினான். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு அப்படியே குடித்தான்.